அவரவர் மூச்சு

கடலடி வீட்டில் பல் தேய்த்ததும் முதல் வேலை ஊதுவது. அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று குழல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். அவரவர் குழலில் வாய் வைத்து, வயிறு ஒட்டும்வரை ஊத வேண்டும். அந்த மூச்சை வீடு முகர்ந்து பார்க்கும். நுரையீரல் எப்படி இருக்கிறது, உடம்பில் எங்காவது வீக்கமா, மனதில் கலக்கமா என்று வாய் சொல்லாததையெல்லாம் மூச்சு சொல்லிவிடும். அதற்குத் தக்கபடி அவரவர் கட்டிலுக்கு வரும் காற்றை வீடு கலந்து வைக்கும். சாப்பாட்டைக் கூட்டும், குறைக்கும். மேலே கப்பலில் இருக்கும் டாக்டர் டார்வினுக்குச் சேதி அனுப்பும்.

மன்னார் வளைகுடாவில், வெயில் மங்கலாக வந்து சேரும் ஆழத்தில், பவளம் நடும் வேலைக்காகப் போட்ட வீடு அது. இறங்கினால் நினைத்த நேரத்துக்கு மேலே வர முடியாது. ஆழத்தின் அழுத்தத்துக்குப் பழகிய உடம்பைச் சட்டென்று மேலே கொண்டுவந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் காற்று சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கி ஆளைக் கொன்றுவிடும். அழுத்தத்தை நாள்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு போய்விட முடியாத இடத்தில் யாரோடு இருக்கிறோம் என்பதுதான் எல்லாம். பெரிய நிபுணர்களாகப் பார்த்து அனுப்பிய முதல் குழு, சண்டை போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே வந்தது. சிநேகிதிகளை அனுப்பிப் பார்த்தால் என்ன என்று அப்புறம்தான் யாருக்கோ தோன்றியது.

அப்படி வந்தவர்கள் இந்த மூவர். தூத்துக்குடிக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஜெனோவா கடற்கரைக்காரி, நெடுநெடுவென்று வளர்ந்தவள், வெளியே நீந்திப் பவளம் நடுவது அவள் வேலை. காயல்பட்டினத்து ரஹ்மத்நிஷா பவளத்துக்கு வரும் நோய்களைப் படித்தவள். பாளையங்கோட்டை சந்தனமாரி வீட்டின் குழாய், மோட்டார், மின்கம்பி எல்லாவற்றுக்கும் பொறுப்பு. மூவர் சேர்ந்து இருந்தால்தான் ஒரு குழு. ஒருத்திக்கு அனுமதி போனால் மற்ற இருவருக்கும் கடல் கிடையாது.

அது ஐப்பசி. வங்கக் கடலில் புயல் ஒன்று திரண்டுகொண்டிருந்ததால் வேலையைப் பாதியில் முடித்துக்கொண்டு மேலே வரச் சொல்லிவிட்டார்கள். மூவரும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுவர்ப்பெட்டியில் டார்வினின் குரல் வந்தது.

"அக்கா, மூணு பேரும் கொஞ்சம் உக்காருங்க. காலைல ஊதினதுல ஒரு விஷயம் வந்திருக்கு. ஜெனோவாக்கா, உங்க நுரையீரல் ஓரத்துல ஒரு கொப்புளம் இருக்கு. கொஞ்ச நாளா பலவீனம்னுதான் காட்டிச்சு, அளவுக்குள்ள இருந்துச்சு. இப்ப அதோட தோல் ரொம்ப மெலிஞ்சு போச்சு."

ஜெனோவா சந்தனமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சந்தனமாரி சாமான் பையின் முடிச்சை இறுக்கினாள்.

"வலியே இருக்காதுக்கா. ஆனா அழுத்தம் குறையும்போது அதுக்குள்ள இருக்க காத்து விரியும். மத்தவங்க வேகத்துக்கு உங்களையும் இறக்கினா அது வெடிச்சிரும். நீங்க பக்கத்துல இருக்க சின்ன சிகிச்சை அறைக்குப் போயிருங்க. அதுல அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கலாம். இப்ப நீங்க இருக்க இந்தப் பெரிய அறையை நாங்க சாயங்காலம் அப்படியே தூக்கிக் கப்பல்ல வச்சிருவோம். புயலுக்கு முன்னால ஒருதடவைதான் தூக்க முடியும். சின்ன அறை கீழயே கிடக்கும், கடலுக்கு அடியில புயல் ஒண்ணும் செய்யாது. அடங்கினதும் வந்து எடுத்துக்கிடுறோம்."

"சரி தம்பி, நீ அறையைத் தயார் பண்ணு" என்றாள் ஜெனோவா. எழுந்து போய்ப் பேச்சுப்பெட்டியை அணைத்தாள். திரும்பி நேராகச் சந்தனமாரியிடம் வந்தாள்.

"எத்தன நாளாட்டி?"

சந்தனமாரி தரையைப் பார்த்தாள். ஜெனோவாவின் குழலில் ஒரு வருடமாக ஊதிக்கொண்டிருப்பது அவள்தான்.

அது ஆரம்பித்தது வேடிக்கையாகத்தான். ஒருநாள் ஜெனோவா அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "ஏட்டி சந்தனம், என் குழல்ல நீ ஊதிரு. ஏன்னு கேக்காத" என்றாள். சந்தனமாரி கேட்கவில்லை. வகுப்புக்கு வராத ஜெனோவாவுக்காகக் குரலை மாற்றி "எஸ் மேடம்" சொன்ன நாள்களுக்குக் கணக்கில்லை. இதுவும் அதுபோல ஒரு ப்ராக்ஸி. அடுத்த மாதம் ஒரு வறட்டு இருமலுக்காகச் சந்தனமாரி எக்ஸ்ரே படம் எடுக்கப் போன இடத்தில் அங்கிருந்த டாக்டர், நுரையீரலில் கொப்புளம் இருக்கிறது, இனிமேல் நீருக்குள் இறங்காதீர்கள் என்றார். "இறங்குறதுல ஆபத்தில்லம்மா, ஏறுறதுலதான்." அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்கு உயிரைப் பற்றிய நினைப்பு வரவில்லை. இனி அந்த இருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கணவர் நல்லவர், விஷயம் தெரிந்தால் அவளைப் பஞ்சில் பொதிந்து வைத்துவிடுவார். பஞ்சுக்குள் இருப்பவளுக்குப் பேர் சந்தனமாரி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஆகவே அவள் நிஷாவிடம் போனாள். "என் குழல்ல நீ ஊதுதியா? ஏன்னு கேக்காத." நிஷாவும் கேட்கவில்லை. அப்படித் தன் மூச்சை மறைத்தாயிற்று. ஆனால் ஜெனோவாவின் குழலில் அதே மூச்சைத்தான் ஊத வேண்டியிருந்தது. இனி ஊத மாட்டேன் என்றால் ஜெனோவா ஏன் என்று கேட்பாள். கேட்காதே என்று சொல்லும் உரிமை அவளிடம் செல்லாது. மூன்று முறை இறங்கி, மூன்று முறை பயந்துகொண்டே ஏறி, ஒன்றும் ஆகாததால் துணிச்சல் வந்துவிட்டது.

"ஒரு வருசமா" என்றாள் இப்போது.

"ஒரு வருசமா! எனக்கு மட்டும் தினம் ரெண்டு முட்ட வரும்போதே நெனச்சேன், இவளுக்குச் சத்து போதலன்னு. அதனாலதான ஒண்ண எடுத்து ஒன் தட்டுல வைப்பேன். முதுகு வலிக்குன்னு சொல்லி என் கட்டில ஒனக்குத் தந்தேன், அந்தக் காத்து ஒனக்குக் கலந்ததுன்னு. கொப்புளம்னு எனக்கு எப்படிட்டி தெரியும்? செத்துருப்பியே, மூதேவி!"

திட்டிக்கொண்டே அவள் சந்தனமாரியின் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 

சமையல் மேடையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிஷா, "அப்ப ஒரு வருசமா ரெண்டு பேரும் பேர் மாத்தி ஊதுதீங்க" என்றாள்.

"நீ யோக்கியமா?" என்று ஜெனோவா கேட்கவும் அவள் துணியை எடுத்து மேடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஜெனோவா கண்ணைத் துடைத்தாள். "சரி, இப்ப கேளுங்க. கொப்புளம் என் பேருல இருக்கு. சந்தனம் என் பேர்ல சின்ன அறைக்குள்ள போகட்டும். நான் இவ பேர்ல மேல போறேன். டார்வினுக்கு எதுக்குச் சொல்லணும்? உண்மை தெரிஞ்சா மூணு பேரையும் வெளிய தள்ளிருவானுவ. நட்டு வச்ச பவளம் இப்பதான் நகம் அளவு வளந்திருக்கு. வேற எவளுக்கு அது எங்கெங்க இருக்குன்னு தெரியும்?"

அந்த ஒரு நிமிடம் சந்தனமாரிக்கு அது எவ்வளவு அழகான யோசனையாக இருந்தது! யாருக்கும் எதுவும் போகாது. அவளும் பிழைப்பாள்.

நிஷாதான் தலையை ஆட்டினாள். "நடக்காது. அழுத்தம் எவ்வளவு வேகமா இறங்கணும்னு வீடு ஆளைப் பாத்துக் கணக்குப் போடும். ஜெனோவா ஒடம்பு எங்க, இவ ஒடம்பு எங்க? ஒன் நுரையீரலு ஒரு குடம்னா இவளுக்கு ஒரு செம்பு. ஒன் கணக்குல இறக்கினா பாதி வழியிலயே வெடிச்சிரும்."

அதற்குள் அணைத்து வைத்த பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. டார்வின் கூப்பிடுகிறான். சந்தனமாரி எழுந்து போய்த் திறந்தாள்.

"சந்தனக்கா, உங்ககிட்டதான் பேசணும். ஜெனோவாக்கா சின்ன அறைக்குப் போயிருவாங்க, நிஷாக்கா துணைக்கு வேணும்னா போகலாம். ஆனா அப்ப நீங்க பெரிய அறையில தனியா ஆயிருவீங்க. எனக்கு அதான் யோசனை. மத்தவங்க முன்னால சொல்லக்கூடாதுன்னு இத்தன நாள் சொல்லல. ஒரு வருசமா உங்க மூச்சுல பயம் மட்டும்தான்க்கா இருக்கு. தண்ணி மேல உள்ள பயம். அதனாலதானே நான் தெனமும் கூப்பிட்டுப் பேசிட்டிருக்கேன்."

சந்தனமாரிக்கு முதலில் புரியவில்லை. தினமும் வேலை முடிந்து ஈரத்தலையோடு உட்காரும் நேரத்தில் டார்வின் அவளை மட்டும் கூப்பிடுவான். இன்றைக்கு என்ன மீன் பார்த்தீர்கள் என்பான். இந்த வீட்டுச் சுவரை எதைக்கொண்டு வார்த்திருக்கிறார்கள், எத்தனை யானை ஏறி நின்றாலும் தாங்கும் என்பான். தன் மகள் செய்த சேட்டையைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். பேச ஆளில்லாத பிள்ளை, பாவம், அக்கா என்று ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அதை மற்ற இருவரிடமும் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அப்போதெல்லாம் நிஷா, அடுத்த கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

சந்தனமாரியின் குழலில் ஊதுவது நிஷா.

அவள் திரும்பினாள். நிஷா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"நிஷா."

"ஒண்ணுமில்லட்டி."

"கடல் மேல பயமா? ஒனக்கா?"

"போன வருசம் வெளிய கயிறு அறுந்து கொஞ்ச நேரம் இருட்டுல கெடந்தேம்லா. அதுல இருந்து." நிஷா துணியை மடித்தாள். "பயம்னு தெரிஞ்சா இறங்க விடமாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் என்ன செய்ய? அதான் என் குழல்ல ஜெனோவாவ ஊதச் சொன்னேன்."

"அதுக்கான தண்டனையும் கெடச்சிட்டு" என்று அவளே சேர்த்துக்கொண்டாள். "சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சா போதும், புகை பிடிக்காதீங்க, புகை ஒடம்புக்குப் பகைன்னு சுவரு பாட ஆரம்பிச்சிரும். எங்க வாப்பா வீட்டுல ஊதுபத்தி கூடக் கொளுத்த மாட்டோம். ஒரு வருசமா ஒக்காந்து கேக்குதேன், வாயத் தொறக்க முடியுதா? இந்தக் கழுத கரையில தெனம் எத்தன சிகரெட் குடிக்கான்னுகூட எனக்கு மனப்பாடம்."

"கீழ இறங்குனா தொடமாட்டேன்" என்றாள் ஜெனோவா சிறுபிள்ளைபோல.

"தெரியும். அதனாலதான ஒன் தலையணைக்கு அடியில ஏலக்கா வச்சேன். நீ என்ன நெனச்ச, வீடு வச்சுதுன்னா?"

ஜெனோவா வாயைப் பிளந்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. மூவருக்கும் வந்தது. புயல், கொப்புளம் எதுவும் நினைவில்லாமல், மேடையையும் சுவரையும் பிடித்துக்கொண்டு, பெஞ்சுக்கடியில் குனிந்து சிரித்த வயதில்போலச் சிரித்தார்கள். முதலில் நின்றது சந்தனமாரியின் சிரிப்புதான்.

ஜெனோவா முட்டையைப் பார்த்துச் சந்தனமாரியின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டாள். நிஷா சுவரின் பாட்டைக் கேட்டு ஜெனோவாவின் சிகரெட்டைத் தெரிந்துகொண்டு ஏலக்காய் வைத்தாள். சந்தனமாரிக்கும்தானே டார்வினின் பேச்சு வந்துசேர்ந்தது? ஒரு வருடம், ஒரு நாள் தவறாமல் வந்ததே. அதை இவள் யாருடையது என்று கேட்கவே இல்லை. தனக்கென்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். தன் மனதை ஓயாமல் உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் என்று அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. அப்படி உள்ளேயே பார்த்ததில் அடுத்த கட்டிலில் ஒருத்தி நடுங்கியது தெரியாமல் போயிற்று.

"அக்கா? அங்க என்ன சத்தம்?" என்றது பெட்டி. அது திறந்தே இருந்தது; தள்ளி நின்று பேசியது அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருக்காது.

ஜெனோவா அணைக்கக் கை நீட்டினாள். சந்தனமாரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் ஜெனோவாவின் கணக்கில் அவள் சாக வேண்டும். சொன்னால் மூவருக்கும் இந்த வீடு இல்லை. அவள் மற்ற இருவரையும் பார்த்தாள். ஜெனோவா கண்ணை மூடித் தலையை அசைத்தாள். சொல்லு.

"டார்வின் தம்பி, எங்களத் திட்டாமக் கேளு" என்று ஆரம்பித்தாள் அவள்.

அவன் திட்டவில்லை.  மேலே காற்று இரைவது மட்டும் பெட்டிக்குள் கேட்டது.

"மறுபடியும் ஊதுங்க" என்றான் கடைசியில். "அவங்கவங்க குழல்ல. கண்டிப்பா."

ஒரு வருடத்துக்குப் பிறகு சந்தனமாரி தன் பெயருக்குக் கீழே வாய் வைத்தாள். மூச்சு பாதியிலேயே முடிந்துவிட்டது. 

"சந்தனக்கா, உங்களுக்குத்தான்" என்றான் டார்வின். குரல் கம்மியிருந்தது. "நீங்க ஜெனோவாக்கா கணக்குல உள்ள போயிருந்தா நான் கொன்னிருப்பேன். என் கையால கொன்னிருப்பேன், தெரியுமா உங்களுக்கு? நான் இதை மேல சொல்லாம இருக்க முடியாது. இனிமே உங்க மூணு பேரையும் இறக்க மாட்டாங்க."

"தெரியும் தம்பி."

"நிஷாக்கா, பயம்னா இறங்க விடமாட்டோம்னு உங்களுக்கு யார் சொன்னது? பயப்படாதவங்களத்தான் நாங்க இறக்க யோசிப்போம். கேட்டிருந்தா நான் உங்ககிட்டல்லா பேசியிருப்பேன்."

நிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். 

பிறகு வேலைகள் கடகடவென்று நடந்தன. பெரிய அறையைத் தூக்கும் சங்கிலியை வெளியே போய் மாட்ட ஜெனோவா ஒருத்தியால்தான் முடியும். ஆகவே அவள் மேலே போய்த்தான் தீர வேண்டும். சின்ன அறை மருத்துவத்துக்கென்று கட்டியது. நம் ஊர்க்காரர்கள் கட்டியது என்பதால் நோயாளிக்கு ஒரு கட்டில், துணைக்கு இருப்பவருக்கு ஒரு பாய் விரிக்க இடம். உள்ளே போய்க் கதவை மூடினால் அழுத்தம் முழுக்க இறங்கும்வரை திறக்க முடியாது. புயல் வந்தால் பேச்சுப்பெட்டியும் நின்றுவிடும்.

"நான் தனியாவே இருந்துக்கிடுவேன்" என்றாள் சந்தனமாரி. "நிஷா, நீ இவகூட மேல போ. காத்து, வெளிச்சம், மனுசங்க எல்லாம் இருக்கும். ஒனக்கு வர வேண்டிய ஆறுதலெல்லாம் நான் தின்னு தீத்தாச்சு. இதுக்கும் மேல என்னால முடியாது."

"பேசி முடிச்சிட்டியா?" என்று கேட்டபடி நிஷா தன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "மேல போய் ஒக்காந்து, நீ கீழ என்ன ஆனியோன்னு பயப்படணும். அதுக்கு இங்கயே பயந்துட்டுப் போறேன். நவுருட்டி, வழிய விடு."

ஜெனோவா இருவரையும் சேர்த்து ஒரே அணைப்பில் பிடித்தாள். அவளிடம் ஈர உடுப்பின் ரப்பர் வாசனை அடித்தது. "மேல இருக்கவனுவள நான் பாத்துக்கிடுதேன். எவனாவது வாயத் தொறந்தா அவன் மூச்சப் பிடிச்சு நான் குழல்ல ஊதிருவேன்" என்றாள். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. அழாமல் இருப்பதற்காகச் சொன்னது.

சின்ன அறையின் கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே சங்கிலி உரசும் சத்தம் சுவர் வழியாக வந்தது. வட்டக் கண்ணாடியில் ஜெனோவாவின் கை தெரிந்தது. இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனது. பிறகு ஏதோ பெரிய பாரம் மண்ணைவிட்டுக் கிளம்பியதுபோல் தரை அதிர்ந்தது. கண்ணாடி முழுக்கச் சேறு கலங்கி எழுந்தது. அது படிந்து தெளிந்தபோது, அவர்கள் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"அழுத்தம் முதல் படி இறங்கப் போகுது" என்றான் டார்வின். சொல் உடைந்து உடைந்து வந்தது. "சந்தனக்கா, மூச்சைப் பிடிக்காதீங்க. சாதாரணமா விடுங்க. இது தாண்டிட்டா அடுத்ததெல்லாம் இதைவிடச் சின்னது. நிஷாக்கா, நீங்க..." அத்தோடு பெட்டி கரகரத்து ஓய்ந்தது.

காது அடைத்தது. விலாவுக்குள் ஒரு இடம் மெல்ல இழுபடுவதுபோல் இருந்தது. இவ்வளவு நாள் வெறும் படத்தில் கறுப்பாக இருந்தது இப்போதுதான் அவளுடையதாக ஆயிற்று. சந்தனமாரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இன்னொன்று என்று மூச்சை வெளியே விட்டாள். சத்தமே இல்லாமல் வெடிக்குமா, சத்தம் கேட்குமா என்று நினைத்தாள். காதுக்குள் பட்டென்று திறந்தது. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் படி தாண்டியாயிற்று. விலாவைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

அதன் பிறகும் கட்டிலின் விளிம்பை விடவில்லை.

கீழே பாயில் படுத்திருந்த நிஷா எழுந்து உட்கார்ந்தாள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன. கண்ணாடிப் பக்கம் திரும்பாமல், சந்தனமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காட்டி?"

இல்லை என்றுதான் வாய்க்கு வந்தது. சந்தனமாரி அதை விழுங்கினாள்.

"ஆமா. ரொம்ப."

"எனக்கும்" என்றாள் நிஷா. தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "தள்ளிப் படு."